பஞ்சி என்று ஒரு சொல்

அத்தியாயம் 17

ஜார்ஜ் அந்த வேலையை ஏன் வேண்டாம் என்றார் என்று கேட்டு இந்த வாரம் பதினொரு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். பிடோக்கிலிருந்து ஒருவர் இரண்டு முறை எழுதியிருக்கிறார். ஜார்ஜின் அத்தான் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

அந்த அத்தான்தான் யதீசன் அம்பலவாணர். ஐம்பத்தேழு வயது, ஓய்வுபெற்ற கர்னல், இப்போது நாடாளுமன்ற உறுப்பினர். சட்டையைத் தானே இஸ்திரி போடுவார், எம்ஆர்டி ரயிலில் போவார், யாரிடமும் ஒரு உதவி கேட்கமாட்டார். ராணுவத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வெள்ளி குறையக் கூடாது, நாட்டின் கையிருப்பில் கை வைக்கக் கூடாது, உழைக்கக் கூடியவன் உழைத்தே ஆக வேண்டும். இந்த மூன்றையும் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிடிக்காதவர்கள் கூட அவர் மாற்றிப் பேசினார் என்று சொன்னதில்லை.

ஜார்ஜ் அவருடைய மனைவி அருள்ஜோதியின் தம்பி. இருபத்துநாலு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலை ஏழு மாதத்துக்கு முன் ஆட்குறைப்பு செய்தபோது வேலை போய் வீட்டில் உட்கார்ந்தவர். போன மாதம் ஒரு பாதுகாவல் நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலை வந்தது. நேர்காணலுக்குப் போனார். பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டார். ஏன் என்று அக்கா தொலைபேசியில் கேட்டபோது பட்டென்று வைத்துவிட்டார். நாம் அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

இன்று வரவுசெலவுத் திட்ட விவாதத்தின் இரண்டாம் நாள்.

சிராங்கூன் வீட்டில் காலை ஏழு மணி. யதீசன் உரையின் முக்கால் பங்கை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கடைசி ஐந்து நிமிடம் தமிழ். தமிழைத் திருத்துவது அருள்ஜோதியின் வேலை. முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்தவர் கையில் பென்சில் இல்லாமல் எந்தத் தாளையும் படிக்கமாட்டார், கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி.

மூன்றாவது தாளில் பென்சில் நின்றது. நேற்று இல்லாத ஒரு பத்தி அங்கே இருந்தது.

‘என் உறவினர் ஒருவர் ஏழு மாதமாக வேலையின்றி இருக்கிறார். உடலில் ஒரு குறையும் இல்லை. நல்ல வேலை ஒன்று அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்றார். இயலாமை அல்ல, மன்ற நாயகர் அவர்களே, பஞ்சி. இப்படிப்பட்டவர்களுக்கு மூன்றாம் மாதத்தோடு உதவித்தொகையை நிறுத்த வேண்டும்.’

“இது ஜார்ஜ்தானே?”

“பேர் போடலியே” என்றார் யதீசன், டை கட்டிக்கொண்டே.

“நம்ம குடும்பத்துல ஏழு மாசமா வேலையில்லாம இருக்கிற ஆம்பளை எத்தனை பேரு? எங்க மாதா கோயில்ல பூசைக்கு வர்றவங்க அத்தனை பேருக்கும் தெரியும்.”

“ஜோதி, அடுத்த வீட்டுக்காரனைப் பத்தி மட்டும் கதைச்சா, சொந்த வீட்டை ஒளிச்சு வெச்சிட்டான்னு சொல்லுவாங்க. கண்டிப்பு நம்ம வீட்டுல இருந்து தொடங்கணும்.”

“அவன் ஏன் வேண்டாம்னு சொன்னான்னு கேட்டீங்களா?”

“திங்கக்கிழமை மக்கள் சந்திப்புல அறுபது பேரைப் பாக்கறேன். காரணம் இல்லாத ஆளே கிடையாது.”

“நான் அறுபது பேரைக் கேக்கல. ஒருத்தனைக் கேட்டீங்களான்னு கேக்கறேன்.”

அவர் டையின் முடிச்சை இறுக்கினார்.

“இந்தப் பத்தியை எடுங்க.”

“எடுக்கமாட்டேன்.”

“சரி. அப்ப நானும் வருவேன். ஜார்ஜையும் கூட்டிட்டு வந்து பார்வையாளர் மாடத்துல உக்காருவேன். எங்க மூஞ்சியைப் பாத்து அதைச் சொல்லுங்க.”

“வாங்க” என்றார் கர்னல். “உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாத எதையும் நான் எழுதறதில்லை.”

கதவு சாத்திய பிறகுதான் அருள்ஜோதிக்கு ஒன்று உறைத்தது. ‘பஞ்சி’ என்ற சொல்லை அவர் திருத்தாமலே விட்டுவிட்டார்.

யாழ்ப்பாணப் பூர்வீகம் இல்லாத வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பஞ்சி என்றால் சோம்பல், ஒரு காரியத்தைச் செய்ய மனமில்லாமல் கிடப்பது. யதீசனின் கொள்ளுத் தாத்தாவோடு கப்பலில் வந்த சொல். திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணான அருள்ஜோதிக்கு அது தெரியாது. கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை, “பஞ்சியாக் கிடக்கு” என்று இவர் கட்டிலில் புரண்டபோது, பசியாக இருக்கிறதாக்கும் என்று அந்தப் பெண் ஆறு இட்லியும் சட்னியுமாக வந்து நின்றார். இவரும் மரியாதைக்கு ஆறையும் தின்றார். இருபத்தெட்டு வருடமாக இரண்டு குடும்பங்களும் சொல்லிச் சிரிக்கிற கதை அது.

அந்தச் சொல் உரையில் வரும்போதெல்லாம் அடித்துவிட்டுச் ‘சோம்பல்’ என்று எழுதுவார் அருள்ஜோதி. இன்று எழுதவில்லை. கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் புரியாமல் போகட்டும், தம்பி தப்பித்துக்கொள்ளட்டும் என்று மனம் குறுக்குவழி தேடியிருக்கிறது. தன் மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது. பிள்ளைகள் காப்பியடித்தால் வெளியே நிற்க வைத்த டீச்சர் அல்லவா?

அதைவிடப் பெரிய குறுக்குவழி ஒன்றும் அவர் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜார்ஜின் எண்ணுக்கு அழைத்தார். எடுக்கவில்லை. சுவா சூ காங் வீட்டுக்கு அழைத்தபோது ஜார்ஜின் மனைவி லொரைன் எடுத்தாள்.

“அவர் டெக்காவுல இருக்காரு அக்கா.”

“காலங்காத்தாலயே டெக்காவுல என்ன?”

லொரைன் தயங்கினாள். “உங்ககிட்ட சொல்லாதேன்னு சொன்னாரு. நேர்ல போய்ப் பாருங்களேன்.”

பத்தரை மணிக்கு டெக்கா சந்தையின் ஈரத் தரையில் அருள்ஜோதி கவனமாக நடந்து போனார். மீன் வரிசை தாண்டி, ஆட்டிறைச்சி வரிசையில் துரைசாமியின் கடை. அங்கே ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு ஒரு மலாய் அம்மாவுக்கு விலா எலும்பை வெட்டிக்கொண்டிருந்தது அவருடைய தம்பி. பொரியல் துண்டா குழம்புத் துண்டா என்று மலாயில் கேட்டு, சிரிக்க வைத்து, பையைக் கட்டிக் கொடுத்தார். நிமிர்ந்தபோது அக்காவைப் பார்த்தார்.

“லொரைன் வாயைத் தைக்கணும்” என்றார்.

“எத்தனை நாளா?”

“பதினெட்டு நாள். காலைல நாலு மணிக்கு வரணும். முதல் நாள் கையை வெட்டிக்கிட்டேன், இப்பப் பழகிடுச்சு. தவக்காலத்துல நாள் முழுக்க ஆட்டுக்கறி வெட்டறேன், ஒரு துண்டு வாயில வெக்கல. பாவமெல்லாம் கழிஞ்சிருக்கும் லா.”

அருள்ஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் எடுத்து வைத்த உரையின் நகலை நீட்டினார். ஜார்ஜ் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

“பஞ்சியா?” என்றார். “அத்தான் என்னை என்ன வேணும்னாலும் சொல்லட்டும். ராணுவத்துல ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் பத்து வருஷம் கூப்பிட்டாங்க, பத்து வருஷமும் போனேன். நைட் ஷிப்ட்டுல உடம்பு சரியில்லன்னு ஒரு நாள் எம்சி எடுத்ததில்ல. என்னைக் காட்டி இன்னொருத்தன் காசை நிறுத்தப் போறாரா? அதுக்கு நான் விடமாட்டேன்.”

“அப்ப ஏன்டா அந்த வேலையை வேண்டாம்னு சொன்னே? இதைவிட நல்ல வேலைதானே?”

ஜார்ஜ் துரைசாமியிடம் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு அக்காவைத் தூணோரம் அழைத்துப் போனார். வாசகர்களே, பதினொரு பேருக்கும் இதோ பதில்.

“அங்க இன்டர்வியூவே நடக்கல அக்கா. அந்த கம்பெனியை நடத்துற பிரபாகர் எந்திரிச்சுக் கை குடுத்தாரு. ‘எம்பியோட மச்சானுக்கு எதுக்கு இன்டர்வியூ’ன்னாரு. நான் யார் சொன்னாங்கன்னு கேட்டேன். ‘உங்க அக்காதான், எம்பி கேக்கச் சொன்னாருன்னு ஃபோன் பண்ணாங்க’ன்னாரு.”

அருள்ஜோதியின் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது இதுதான். பிரபாகரின் மனைவி அவருடைய பழைய மாணவி. அந்தப் பழக்கத்தில் பிரபாகரையே தொலைபேசியில் அழைத்தார். வெறும் அக்கா கேட்டால் நடக்காது என்று நினைத்து, “என் வீட்டுக்காரர் கேக்கச் சொன்னாரு” என்று ஒரே ஒரு பொய் சொன்னார்.

“அதோட விடல” என்றார் ஜார்ஜ். “வெளிநாட்டு ஆளுங்களை எடுக்க அமைச்சுல மனு போட்டிருக்காராம். ‘அத்தான்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்துடுங்க’ன்னு சொல்லி ஃபைலை என் பக்கம் தள்ளினாரு. நான் எந்திரிச்சுட்டேன்.”

“அதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ அழுவே. அத்தான்கிட்ட சொன்னா உன்னைக் கேப்பாரு. யாரும் கேக்காத வரைக்கும் நல்லதுன்னு இருந்தேன்.” தாளைத் திருப்பிக் கொடுத்தார். “இப்பவும் சொல்லாதே. ஆனா நான் வருவேன். உக்காந்து கேப்பேன். அவரு பஞ்சின்னு சொன்னா எந்திரிச்சு நிப்பேன். வெளிய தள்ளினாத் தள்ளட்டும்.”

“நீ நிக்க வேண்டாம்” என்றார் அருள்ஜோதி. “நிக்க வேண்டியது நான்.”

ஒரு மணிக்கு ஜார்ஜின் வேலை முடிந்தது. பின்பக்கம் கை கழுவி, முழுக்கைச் சட்டை மாற்றிக்கொண்டார். மூன்று தரம் சோப்புப் போட்டும் கறி வாடை போகவில்லை. போகாவிட்டால் என்ன என்று அவரே சொல்லிக்கொண்டார். லிட்டில் இந்தியாவிலிருந்து, நாடாளுமன்றத்துக்கு இறங்க வேண்டிய கிளார்க் கீ இரண்டே நிறுத்தம்.

மன்றம் தேநீருக்குக் கலைந்த நேரத்தில் யதீசன் கீழே வந்தார். ‘உரைக்கு முன்னால் பார்க்க வேண்டும், அவசரம்’ என்று மனைவி அனுப்பிய செய்தி அவரைக் கலவரப்படுத்தியிருந்தது. ஜார்ஜ் மேலே போய் உட்கார்ந்துவிட்டார். கூடத்தின் ஓரத்தில் அருள்ஜோதி தனியாக நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். டெக்காவைச் சொன்னார், பிரபாகரைச் சொன்னார், தள்ளிய ஃபைலைச் சொன்னார். கடைசியாகத் தன்னைச் சொன்னார்.

கர்னலின் முகம் இறுகியது. “எந்த ஃபோன்ல பேசினே?”

“வீட்டு ஃபோன்ல.”

“என்ன சொன்னே? ஒரு வார்த்தை விடாமச் சொல்லு.”

“என் வீட்டுக்காரர் கேக்கச் சொன்னாருன்னு சொன்னேன்.”

“நான் சொல்லல.”

“இல்ல. சொல்லல.”

“கார் நிறுத்த ஒரு இடம்கூட நான் யார்கிட்டயும் கேட்டதில்ல, ஜோதி. அது உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா செஞ்சே?”

“தெரிஞ்சேதான் செஞ்சேன்!” அருள்ஜோதியின் குரல் உயர்ந்தது. காவலில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். “என் தம்பி வீட்டுல சமையலைக் குறைச்சுட்டாங்க. உங்க நேர்மையை உலையில போட்டு நான் சோறாக்க முடியாது. செஞ்சது தப்பு. மன்னிப்புக் கேக்கறேன். என்னைத் திட்டுங்க, கட்சியில போய்ச் சொல்லுங்க, பேப்பர்ல போடுங்க. ஆனா இதுல உங்களை மாதிரியே நடந்துக்கிட்ட ஒரே ஆள் அவன்தான். அவனைப் போய்ப் பஞ்சின்னு சொல்லாதீங்க.”

மன்றம் மறுபடி கூடுவதற்கான மணி அடித்தது. யதீசன் திரும்பி நடந்தார். முதுகு எப்போதும்போல நிமிர்ந்துதான் இருந்தது. அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலரைக்கு அவர் முறை வந்தது.

ஆங்கிலத்தில் எப்போதும்போலப் பேசினார். உலகம் அமைதியாக இருக்கும்போது ராணுவத்துக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்கிறவர்கள், உலகம் அமைதியாக இருக்கிறதா என்று செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும் என்றார். கையிருப்பு நம் பேரப்பிள்ளைகளுடையது, அவர்கள் இங்கே வாக்களிக்க முடியாது என்பதால் அதை நாம் எடுத்துவிடலாமா என்றார். எதிர்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். “முணுமுணுங்கள், நான் மாறமாட்டேன்” என்று அதற்கும் பதில் சொன்னார்.

தமிழுக்கு வந்தார். மூன்றாவது தாளை எடுத்தார். மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

ஜார்ஜ் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தார். அருள்ஜோதி தம்பியின் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

யதீசன் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“மன்ற நாயகர் அவர்களே, இங்கே ஓர் உதாரணம் எழுதி வைத்திருந்தேன். வேலை தேடி வந்தும் வேண்டாம் என்ற ஒருவரைப் பற்றியது. அது தவறு என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் தெரிந்தது. அந்த வேலை என் பெயரைச் சொல்லிக் கேட்கப்பட்டது. நான் கேட்கவில்லை, ஆனால் என் வீட்டிலிருந்து கேட்கப்பட்டது. அதற்குப் பொறுப்பு என்னுடையது. பதிலுக்கு என்னிடம் ஒரு காரியம் எதிர்பார்க்கப்பட்டது. அதைக் கண்டதும் அந்த மனிதர் எழுந்து வந்துவிட்டார். இன்று காலை நாலு மணிக்கு அவர் வேறு வேலைக்குப் போயிருக்கிறார். அதை அவரே தேடிக்கொண்டார்.”

கவிழ்த்த தாளை ஓரமாகத் தள்ளினார்.

“எங்கள் வீட்டில் ஒரு சொல் உண்டு. பஞ்சி. அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்க இருந்தேன்.”

அருள்ஜோதியின் காதுக் கருவியில் உரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஆங்கிலக் குரல் ஒரு நொடி நின்றது. பிறகு அந்தச் சொல்லை ‘பஞ்சி’ என்றே சொல்லிவிட்டு மேலே போனது.

“இந்த ஒரு மாதத்தில் ஒரு முறைகூட, ஏன் வேண்டாம் என்றாய் என்று நான் அவரைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கும் மனிதரைக் கேட்க எனக்குப் பஞ்சி. அந்தச் சொல் எனக்குத்தான் பொருந்தும். உழைக்கக் கூடியவன் உழைக்க வேண்டும் என்பதில் நான் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மூன்று மாதம் என்பதிலும் நகரவில்லை. ஆனால் ஒருவருடைய உதவியை நிறுத்துவதற்கு முன், ஏன் வேண்டாம் என்றாய் என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் நிறுத்தக் கூடாது. இதை அரசாங்கத்துக்கும் சொல்கிறேன், எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.”

உட்கார்ந்தார். அவர் வரிசையிலேயே இரண்டு பேர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வரிசையில் ஒருவர் ஏதோ வேகமாகக் குறித்துக்கொண்டிருந்தார்.

ஜார்ஜ் எழுந்து நின்றுவிட்டார். காவலர் கையைக் காட்டி உட்காரச் சொல்லும்வரை அப்படியே நின்றார். அத்தான் மேலே பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். அந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை.

வெளியே வந்து, வாசலில் கொடுத்து வைத்த தொலைபேசியைத் திரும்ப வாங்கியபோது அருள்ஜோதிக்குப் பத்தொன்பது தவறிய அழைப்புகள். கையில் இருக்கும்போதே மறுபடி அடித்தது. ஒரு பத்திரிகை நிருபர், சின்னப் பெண் குரல்.

“திருமதி யதீசனுங்களா? சார் வீட்டிலிருந்து கேட்கப்பட்டதுன்னு சொன்னாரு. யாருன்னு கேட்டா, பொறுப்பு என்னுடையதுன்னு மட்டும்தான் சொல்றாரு. பேரைச் சொல்ல மாட்டேங்கறாரு.”

ஜார்ஜ் வேண்டாம் என்று கையை ஆட்டினார். “வெச்சிடு அக்கா. அவரே உன்னைக் காட்டிக் குடுக்கல.”

அருள்ஜோதி தம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

“நான்தான் கேட்டேன்மா. அவருக்குத் தெரியாம, அவரு பேரைச் சொல்லிக் கேட்டேன். எழுதிக்க. திருமதி யதீசன்னு போடாதே, அவரு தலையில விழும். அருள்ஜோதி. அருளுக்கும் ஜோதிக்கும் நடுவுல இடம் விடாம எழுது.”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் வேகமாகக் கேட்டது. “எந்த கம்பெனிங்க மேடம்? பதிலுக்கு அவங்க என்ன கேட்டாங்க?”

அருள்ஜோதி திரையைப் பார்த்தார். இன்னொரு அழைப்பு காத்திருந்தது. பிரபாகர்.

“கொஞ்சம் லைன்லயே இரும்மா” என்றார். “அவரே கூப்பிடறாரு. எடுத்துக் கேட்டுச் சொல்றேன்.”